மண் நிரப்புதல்: வீட்டுக்காரர் பொறுப்பு

எஸ்டிமேட்டில் பொய் எழுதத் தேவையே இல்லை. ஒரு வரிக்கு நேரே 'வீட்டுக்காரர் பொறுப்பு' என்று போட்டால் போதும், பொய் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருஷத்துக்கு மேல் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று சுற்றி வீடுகளுக்குப் பிளான் போட்டு, எஸ்டிமேட் எழுதி, வெயிலில் நின்று கட்டி முடித்துக் கொடுத்தவள் நான். முழங்கால் தேய்ந்து சாரம் ஏற முடியாமல் போனதால் வேலையை விட்டேன். வாய் இன்னும் தேயவில்லை. அதனால்தானோ என்னவோ, புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து என்னைப் பேசச் சொல்கிறீர்கள். நான் கட்டிய நல்ல வீடுகளை ரோட்டில் போகும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் சொதப்பின வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தேவநாதன் பாகூர்ப் பக்கத்து விவசாயி. கரும்பும் நெல்லும் வைப்பார், சொந்தமாக ட்ராக்டர் உண்டு. அவரும் மனைவி செல்வியும் என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும், தேவநாதன் பிளான் எதையும் கேட்கவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். முன்னால் நான்கு தூண் வைத்த போர்டிகோவோடு ஒரு பங்களா.

"எங்க எதுர் வூடு மேடம். ராமலிங்கம்னு பங்காளி அண்ணன், போன வருசம் கட்னாரு. அதே மாரி நாலு தூணு வேணும். மேல ரெண்டு ரூமு. பேஸ்மென்ட் மட்டும் அத்தவிட ஒரு அடி ஒசரம்."

"அவர் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்தீர்களே, அவர் ஒன்றும் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டாரு மேடம்," என்று செல்வி சிரித்தார். "வா தம்பி, உள்ளயும் வந்து எடுத்துக்கன்னாரு. இவரு வெக்கமில்லாம உள்ள போயும் எடுத்தாரு."

ரோட்டோர நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றிருந்தார்கள். அந்தப் பணமும் சேமிப்பும் சேர்த்து நாற்பத்தைந்து லட்சம். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று தேவநாதன் மேஜையில் விரலால் தட்டிச் சொன்னார். மிச்சம் இருந்தது ஒன்றரைக் காணி நிலம். அதில் அரைக்காணியில்தான் போர்வெல் இருந்தது. இதைச் சொன்னவர் செல்வி.

"போரு இருக்கற அரைக்காணிய மட்டும் தொடக் கூடாது மேடம். அது போச்சின்னா மீதி ஒரு காணிக்கும் தண்ணி இல்ல. அப்புறம் பங்களாவுல ஒக்காந்துகினு இன்னாத்த துன்றது?"

இந்த வார்த்தையை நான் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். பெட்ரூம் எத்தனை, பாத்ரூம் எத்தனை என்பதையெல்லாம் எழுதினேன், இதை எழுதவில்லை. வீட்டுக்காரர் எதை இழக்க மாட்டேன் என்கிறாரோ அதுதான் பட்ஜெட்டின் முதல் வரி. இது எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். வேலை வேண்டும் என்ற அவசரத்தில் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன்.

முதலில் நேர்மையாகக் கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு வந்தது. தேவநாதன் முகம் சுருங்கிப்போயிற்று. தெருக்கோடியில் இன்னொரு ஆபீஸ் இருக்கிறது, அங்கே சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள், மனையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவர் எழுந்து அங்கே போய்விடுவார் என்று பயந்தேன். மூன்று மாதமாக எனக்குப் புது வேலை எதுவும் வந்திருக்கவில்லை. ஆகவே செலவுகளை ஒளிக்க ஆரம்பித்தேன். காம்பவுண்டுச் சுவரை "பிறகு" என்றேன். கரண்டு இணைப்புச் செலவை "தனி" என்றேன். அப்படியும் நாற்பத்தெட்டில் நின்றது. அப்போதுதான் தேவநாதன் தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

அது மண் நிரப்பும் செலவு. அவருடைய மனை முன்பு நெல் வயல். ரோட்டைவிட நான்கு அடி பள்ளம். சுற்றிலும் அஸ்திவாரமும் பீமும் கட்டி எழுப்பிய பிறகு, நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தை மண்ணால் நிரப்பி, இடித்து இறுக்கி, அதன் மேல்தான் தரை போட வேண்டும்.

"மண்ண எதுக்கு மேடம் துட்டு குடுத்து வாங்கணும்? ட்ராக்டரு நம்மது. கோடையில ஏரியில மண்ணு எடுக்க வுடுவாங்க. நானே அடிச்சிக்கறேன். அத்த எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். 'மண் நிரப்புதல்: வீட்டுக்காரர் பொறுப்பு' என்று எழுதினேன். மொத்தம் நாற்பத்தைந்துக்குள் அடங்கியது. இருவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். எந்த மண் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் செலவு மறுபடியும் எஸ்டிமேட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

பூமி பூஜை முடிந்து, அஸ்திவாரமும் பீமும் நன்றாகவே வந்தன. பிறகு பதினைந்து நாள் நான் திருக்கனூரில் இன்னொரு வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டேன். பாகூர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருநாள் போன் செய்தார். "மேடம், மண்ணு ரொப்பியாச்சி. ஜல்லி, சிமெண்டு எல்லாம் எறங்கிடுச்சி. நாளன்னிக்குத் தரைக்கு காங்கிரீட்டு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். தேவநாதன் நிரப்பிய மண்ணின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பரம்படித்த வயல் போல மட்டமாக இருந்தது. நிறம் அட்டைக் கறுப்பு.

"பாத்தீங்களா மேடம்? ஏரியில நடு மண்ணா பாத்து எடுத்தேன். சுத்தமான வண்டலு. ஒரு கல்லு இல்ல, ஒரு வேரு இல்ல. என் வயலுக்கே இவ்ளோ நல்ல மண்ணு அடிச்சதில்ல."

மனுஷர் தன் வீட்டுக்குக் கீழே தனக்குத் தெரிந்த மண்ணிலேயே மிக உசத்தியான மண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அது வயலுக்கு உசத்தி. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நெல்லுக்கு அது வரம். அதன் மேல் தரை போட்டால் மழையில் தரையைத் தூக்கும், கோடையில் கீழே இறங்கித் தரையை அந்தரத்தில் விட்டுவிடும். ட்ராக்டர் வைத்திருக்கும் விவசாயியைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. காசு கொடுத்து மண் வாங்குகிறவனுக்குச் சாதாரணச் செம்மண் கிராவல்தான் வந்திருக்கும்.

நான்கு நாள் வெயிலுக்கே மண் ஓரங்களில் வெடித்திருந்தது. குனிந்து ஒரு வெடிப்பில் கையை விட்டுக் காட்டினேன். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

"இந்த மண் ஆகாது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்" என்றேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க? நெல்லு வெளையற மண்ணு வூட்டுக்கு ஆவாதா?"

விளக்கிச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி எதிர் வீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இந்த நேரத்திலும் அந்தத் தூணைத்தான் பார்க்கிறாரே மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மேஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மேடம், பேப்பர்ல மண்ணு அவரு பொறுப்புன்னுதான இருக்குது? மேல நாலு இஞ்சி காங்கிரீட்ட போட்டு மூடிட்டா எவன் பாக்கப்போறான்? ரெண்டு மூணு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது. நாளைக்கு பதினோரு பேர வரச் சொல்லிட்டேன், அவங்க கூலிக்கு நான் எங்க போவேன்?"

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பதினோரு குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் சொன்னது சட்டப்படி சரியும்கூட. அந்தத் தாளில் தேவநாதன் கையெழுத்து இருந்தது. ஸ்கூட்டர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பொய் சொல்வானேன், யோசித்தேன். வாயை மூடிக்கொண்டு போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாயைத் திறந்தால், 'மேடம் போட்ட எஸ்டிமேட்டு தப்பு' என்று பாகூர் முழுக்கப் பரவும். அதைவிட இன்னொன்று. எடுக்கிற செலவு, கிராவல் செலவு எல்லாம் சேர்ந்தால் அந்த அரைக்காணி போய்விடும். அதை விற்க வைத்தவள் நானாக இருப்பேன். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படி உட்கார்ந்திருப்பேன்.

பிறகு எழுந்து போய்ச் சொன்னேன். "தேவநாதன், தப்பு உங்கள் மேல் இல்லை. அந்த வரியை எழுதியது நான். எந்த மண் என்று நான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் தொகைக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக எழுதாமல் விட்டேன். இன்னும் சில செலவுகளையும் அப்படித்தான் ஒளித்தேன். செல்வியைக் கூப்பிடுங்கள், உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுவோம்."

அவர் கத்தினார். கத்தாமல் என்ன செய்வார்? "வெளையாடறீங்களா மேடம்? பத்து நாளா டீசல ஊத்தி அடிச்சிருக்கறேன். நம்பி வந்தா இப்டிதான் பண்ணுவீங்களா?" இந்த இடத்தில் பதில் பேசாதீர்கள். அவர் கத்தி முடிக்கட்டும். அது உங்களுக்கு வந்த சம்பளம்தான்.

செல்வி வந்ததும், அடுக்கி வைத்திருந்த செங்கல் மேல் தாளை விரித்து உண்மையான எஸ்டிமேட்டை எழுதினேன். இருக்கிற பணத்துக்கு மேல் எட்டு லட்சம் கூடுதலாக வந்தது.

"அரைக்காணிய குடுத்துடலாம்," என்று தேவநாதன் போனை எடுத்தார். "வாங்கறதுக்கு ஆளு ரெடியா இருக்கான். கூப்புட்டா சாயங்காலமே அட்வான்ஸோட வருவான்."

செல்வி அவரைத் தடுக்கவில்லை, சத்தமும் போடவில்லை. என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார். "மேல் மாடி எவ்ளோ மேடம்?"

சொன்னேன். அந்த வரியின் மேல் கோடு இழுத்தார்.

"முன்னால இருக்கற தூணு, போர்டிகோ?"

"ஏய், தூண எடுக்காத சொல்லிட்டேன்!" என்றார் தேவநாதன்.

"தூணுக்குத் தண்ணி வுட்டா கதிரு வருமா?" என்று கேட்டபடியே அதன் மேலும் கோடு இழுத்தார். "வெறும் சன்ஷேடு போதும் மேடம். எதுர் வூட்டப் பாத்துகினு இருந்தா நமக்கு சோறு வராது."

தேவநாதன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ட்ராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் காங்கிரீட்டை நிறுத்தச் சொன்னேன். கிளம்பும்போது எதிர் வீட்டுச் சுவரோரம் கண்ணில் பட்டது. கட்டி முடித்து ஒரு வருஷம் ஆகியும் மிச்ச மண் கொஞ்சம் குவிந்து கிடந்தது. அதுவும் கறுப்பு. ராமலிங்கம் வாசலில் நின்று, "இன்னா மேடம், வேல நின்னுடுச்சா?" என்று கேட்டார். "கொஞ்சம் மாற்றம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது நான் கட்டிய வீடு இல்லையே!

இரண்டு நாள் அந்த மனையில் ஆள் நடமாட்டம் இல்லை. அரைக்காணியை விற்றுவிட்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி போன் செய்தார். தேவநாதன் டிரெய்லரோடு வந்து நிற்கிறாராம். "மண்ணு எடுக்கணும், ஆளுங்கள வரச் சொல்லு" என்றாராம். பீம்களுக்கு நடுவே பொக்லைன் இறங்க முடியாது, எல்லாம் கை வேலைதான். ஆகவே அந்தப் பதினோரு பேருக்கும் கூலி கிடைத்தது. அதில் பாதியை என் பீஸில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். தேவநாதன் அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எடுத்த வண்டல் முழுவதும் போர் இருக்கிற அரைக்காணிக்கே போயிற்று.

வீடு தரைத்தளத்தோடு முடிந்தது. பின்னால் மாடி எடுக்க வேண்டும் என்றால் வேண்டுமே என்று கம்பிகளை மட்டும் மேலே விட்டு, துரு ஏறாமல் சிமெண்டுப் பால் பூசினோம். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தவர் செல்விதான். தேவநாதன் பந்தி வரிசையில் என்னைத் தாண்டிப் போகும்போது, "சாப்ட்டுட்டுப் போங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னை மன்னிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். மன்னிக்க வேண்டும் என்று எந்த எஸ்டிமேட்டிலும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். என் நேர்மையை நானே மெச்சிக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும்.

மூன்று வருஷம் போயிற்று. நான் வேலையை விட்டு வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலையில் வாசலில் இரண்டு பேர். தேவநாதனும் ராமலிங்கமும். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பேசியதெல்லாம் ராமலிங்கம்தான்.

"ஹாலு முழுக்க டைல்ஸ் தூக்கிகினு நிக்குது மேடம். பின் ரூமு தரை எறங்கிப் போச்சி. பேரப்புள்ளைங்க தடுக்கி வுழுதுங்க. டைல்ஸ் கடக்காரன் ஏமாத்திட்டான்னு ஒரு தபா மாத்துனேன். மறுபடியும் அதே கதை. போட்ட ஆளும் சரியில்லன்னு அவன்கிட்டயும் சண்ட போட்டாச்சி. இவன்தான், வா, மேடத்துகிட்ட போலாம்னு இட்டுகினு வந்தான்."

முன்பு கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டேன். "அடியில் எந்த மண் போட்டீர்கள்?"

ராமலிங்கம் வாயைத் திறப்பதற்குள் தேவநாதன் சொல்லிவிட்டார்.

"ஏரி மண்ணு மேடம். நான்தான் அடிச்சேன், என் ட்ராக்டர்ல. அண்ணன் வூடாச்சேன்னு பாத்துப் பாத்து நல்ல வண்டலா அடிச்சேன்." கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கி நீங்க வெடிப்புல கைய வுட்டுக் காட்டுனீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. மூணு வருசமா எதுர்லயே குந்திகினு இருக்கறேன். சொல்ல வாயே வரல."

அன்று அவர் பார்த்தது தூணை இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்துப் பேச வேண்டியவள் நான்.

"எனக்கும் தெரியும்" என்றேன் ராமலிங்கத்திடம். "உங்கள் சுவரோரம் கிடந்த மண்ணை அன்றைக்கே பார்த்தேன். நான் கட்டின வீடு இல்லையே என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் இரண்டாவது தடவை டைல்ஸுக்குக் காசைக் கொட்டியிருக்க மாட்டீர்கள்."

ராமலிங்கம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டா..." என்று தேவநாதனிடம் ஆரம்பித்தார். ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். நமக்குத் தெரிந்தது அதுதானே. தரையை உடைத்தல். மண் எடுத்தல். கிராவல் நிரப்பி இடித்தல். தரை போடுதல். இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"மண் எடுப்பது யார் பொறுப்பு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"என் பொறுப்புன்னு எழுதுங்க மேடம்," என்றார் தேவநாதன். "பேரு போட்டு எழுதுங்க."

எழுதினேன். கிராவல் வரிக்கு நேரே, மண்ணைப் பார்த்து எடுப்பது என்று போட்டு என் பெயரை எழுதினேன். ராமலிங்கம் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடி போடாமல் தூரப் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடியே திரும்பாமல் சொன்னார்.

"டீசலு நான் போடறேன். வண்டிய எடுத்துகினு வா."